பதினான்காம் தூணில் வசிப்பவர்

லத்தியின் நுனியால் அவள் தூணை மூன்று முறை தட்டினாள்.

“ஏய், எழுந்திரு. மணி அஞ்சரை.”

போர்வை அசையவில்லை. மேலே பாலத்தில் லாரிகள் ஓடிய அதிர்வில் கொஞ்சம் சிமெண்ட் தூசிதான் உதிர்ந்தது. அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.

“எழுந்திருன்னு சொல்றேன்ல!”

போர்வைக்குள்ளிருந்து தூக்கக் கலக்கமே இல்லாத குரல் ஒன்று வந்தது. “எழுந்திருங்கன்னு சொல்லிப் பாருங்களேன். அந்த ‘ங்க’ இருந்தா எழுந்திருக்கறது கொஞ்சம் சுலபமா இருக்கும்.”

பக்கத்துத் தூணடியில் படுத்திருந்த கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பெண் காவலருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து அது நாலாவது நாள்தான். பாலத்தடியில் படுத்திருப்பவர்களைக் காலையில் எழுப்பி, ஆறு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வைக்க வேண்டும். யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்கிற டியூட்டி இல்லை, புதிதாக வருகிறவர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். “இரக்கப்பட்டு நின்னுடாதே, தலைமேல ஏறி உட்காந்துக்குவாங்க” என்று ரைட்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டேஷனின் காகிதங்கள் அத்தனையும் அந்த ரைட்டர் கைவழியாகத்தான் போகும், வரும்.

அவள் எச்சரிக்கைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பொது இடத்தில் உறங்கியதற்காக எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. பெயர், இருப்பிடம், தேதி, அடியில் ஸ்டேஷன் முத்திரை. “உன் பேர்…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “உங்க பேரு என்ன?”

போர்வை விலகியது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி எழுந்து உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டார். பெயரைச் சொன்னார். அவள் எழுதத் தொடங்கியதும், “பாத்து எழுதும்மா. கடைசி எழுத்துல புள்ளி வரும். எல்லாரும் அதை விட்டுடறாங்க” என்றார். அவள் எழுத்துக்கூட்டிக் கேட்டு, புள்ளியும் வைத்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் அதைப் படித்துப் பார்த்தார். பிறகு ஓரம் ஓரத்தோடு சேரும்படி மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து, பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் வைத்துக்கொண்டார்.

“மடிப்பு அக்காவுக்கு இன்னொரு லவ் லெட்டர்” என்றார் பக்கத்துக் கிழவர்.

அதற்கப்புறம் அவள் தூணைத் தட்டுவதை விட்டுவிட்டாள். பாலத்தடிக்குள் நுழையும்போதே, “எழுந்திருங்க, எழுந்திருங்க, விடிஞ்சாச்சு” என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவாள். பழைய காவலர்கள் உள்ளங்காலில் தட்டியும் வாளித் தண்ணீரை ஊற்றியும் எழுப்பிய காலத்தில் முக்கால் மணி நேரம் பிடிக்குமாம். சண்டை, கூச்சல், ஒளித்து வைத்த மூட்டைகளைத் தேடும் படலம் எல்லாம் உண்டாம். இவளுக்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது. மிச்ச நேரத்தில் தெருமுனைக் கடையிலிருந்து டீ வரும். பக்கத்துக் கிழவர்தான் வாங்கி வருவார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், கண்ணில் படலம் விழுந்ததும் வேலை போய்விட்டது. பாலத்தடியில் எல்லாருக்கும் அவர் ‘டிரைவர்’தான். டீக் கிளாஸை நீட்டும்போது, “புடிச்சுக்குங்க, வளைவு வருது” என்பார்.

மடிப்பு அக்காவின் கதையும் அப்படி ஒரு டீயின்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். ஓட்டலை இழுத்து மூடினார்கள். அதே சமயத்தில் புருஷன் படுக்கையில் விழுந்தார். அவர் போன மூன்றாவது மாதம் வீட்டுச் சொந்தக்காரர் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார். “துணிமணியை மட்டும் வெளியே வெச்சிருந்தாரு. கசங்கிக் கெடந்துச்சு. எனக்கு அதுதான் பொறுக்கலை” என்றார் அக்கா. அதைச் சொல்லும்போதும் அவர் கை சும்மா இருக்கவில்லை, டிரைவரின் துண்டை மடித்துக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை அவள் போனபோது அக்கா குளித்து, தலை வாரி, மூட்டையும் கட்டித் தயாராக நின்றிருந்தார்.

“போலீஸம்மா, பெரியாஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஆள் எடுக்கறாங்க. நேத்துப் போய்ப் பாத்தேன். சூப்பர்வைசர் ஒரு போர்வையைக் கையில குடுத்து மடிங்கன்னாரு. நான் மடிச்சதைப் பாத்துட்டு வாயைத் தொறந்தவரு மூடவே இல்லை.”

“அப்புறம் என்னக்கா? சேர வேண்டியதுதானே?”

“அடையாள அட்டை வேணுமாம். அடையாள அட்டைக்கு முகவரி வேணுமாம்.” அக்கா தூணைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அடுத்த திங்கள் வரைக்கும் வேலையை நிறுத்தி வெக்கறேன்னு சொல்லியிருக்காரு.”

அவள் டியூட்டி முடிந்ததும் ரைட்டரிடம் கேட்டாள். ரைட்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அந்தம்மா அங்கே குடியிருக்குன்னு நாம எழுதிக் குடுக்கணுமா? அங்கே படுக்கறதே குத்தம்மா. குத்தம் நடக்குதுன்னு நாமளே சர்ட்டிபிகேட் குடுத்தா, ஏன் கேஸ் போடலைன்னு நம்மளைக் கேப்பாங்க. கேஸ் போட்டா அந்தம்மாவுக்கு வேலை கிடைக்காது. புரியுதா?”

“புரியலை சார்.”

“எனக்கும்தான்” என்று ரைட்டர் பேனாவால் காதைக் குடைந்தார். “ஆனா அதான் நடைமுறை.”

மறுநாள் பகலில், டியூட்டி முடிந்து உடுப்பைக்கூட மாற்றாமல், அவள் அக்காவோடு அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனாள். டிரைவரும் துணைக்கு வந்தார். வரிசையில் நின்றவர்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி டிரைவரிடம் குனிந்து, “என்ன பண்ணீங்க?” என்று ரகசியமாகக் கேட்டாள். “சிக்னலைத் தாண்டிட்டேன்” என்றார் டிரைவர்.

அவர்கள் முறை வருவதற்கு இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். முகவரி என்ற இடம் காலியாக இருந்தது.

“வாடகைச் சீட்டு?”

“இல்லைங்க.”

“கரண்ட் பில்? தண்ணி பில்? பேங்க் புஸ்தகம்?”

“இல்லை, இல்லை, இல்லைங்க” என்று அக்கா மூன்றுக்கும் சேர்த்துச் சொன்னார்.

“அப்ப என்னதான் இருக்கு?”

அக்கா பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினார். எல்லாம் எச்சரிக்கைச் சீட்டுகள். பதினொன்று. இரண்டு வருடத்தில் போலீஸ் எழுதிக் கொடுத்தவை, தேதி வரிசைப்படி, ஒரே அளவில் மடித்து.

காவலருக்கு வெட்கமாக இருந்தது. கடைசிச் சீட்டு அவளே எழுதிக் கொடுத்தது. “அக்கா, இதை எதுக்கு இங்கே…” என்றாள் மெல்ல.

“என்கிட்ட இருக்கற கவர்மெண்ட் காகிதம் இதுதாம்மா.”

குமாஸ்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். முதல் சீட்டை எடுத்து விரித்தார். இரண்டாவதை விரித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஓரம் கிழிந்த விதிப்புத்தகம் ஒன்றை எடுத்து விரலை எச்சில் தொட்டுப் புரட்ட ஆரம்பித்தார். வரிசையில் பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. காவலர் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

“அரசு முத்திரை உள்ள ஆவணம் ரெண்டு,” குமாஸ்தா படித்தார். “ஒரே பெயர், ஒரே முகவரி. ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசமாவது இருக்கணும்.” அவர் நிமிர்ந்தபோது, பல வருடமாக யாரும் கேட்காத கேள்விக்கு விடை தெரிந்த மாணவனைப் போல முகம் மலர்ந்திருந்தது. “எச்சரிக்கைச் சீட்டு செல்லாதுன்னு இதுல எங்கேயும் இல்லை.”

“பாலம், பதினாலாம் தூண். எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு சார்” என்றாள் காவலர்.

“முகவரி சரி. பெயரைப் பாப்போம்.”

பெயரில்தான் வம்பு. முதல் சீட்டில் கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. இரண்டாவதில் எழுத்தே வேறு. நாலாவதில் பெயர் என்ற இடத்தில் ‘கிழவி’ என்று எழுதியிருந்தது. ஏழாவதில் ‘பெரிய மூட்டையுடன் ஒரு பெண்’. குமாஸ்தா ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, பின்னால் நின்றிருந்த பாட்டி, “அட பாவிங்களா” என்றாள். பதினோரு சீட்டில் ஒன்பதை அவர் இடது பக்கம் ஒதுக்கிவிட்டார். வலது பக்கம் இரண்டே இரண்டு. ஒன்று, பதினான்கு மாதத்துக்கு முன்னால் யாரோ ஒரு போலீஸ்காரர் முத்து முத்தான எழுத்தில் எழுதியது. இன்னொன்று அவள் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதியது.

“ரெண்டு கேட்டேன், ரெண்டு இருக்கு” என்றார் குமாஸ்தா. விண்ணப்பத்தில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்.

டிரைவர் கைதட்டினார். வரிசையில் சிலர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

“இருங்க, இன்னும் முடியலை” என்றார் குமாஸ்தா. “அந்த இடத்துல இவங்க இருக்காங்களான்னு இன்ஸ்பெக்டர் நேர்ல போய்ப் பாத்து எழுதணும். படிவம் இன்னைக்குச் சாயங்காலமே ஸ்டேஷனுக்கு வந்துடும்.”

படிவம் சொன்னபடி வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு தாளும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாலத்தடியில் புது நடைபாதையை மேயர் திறந்து வைக்கிறார், அன்றிலிருந்து பத்தாம் தூண் முதல் இருபதாம் தூண் வரை இரவில்கூட ஒருவரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு. புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்து, அந்த வாசனை எப்போதும் அறையில் இருக்கும்.

“இந்தத் தாள்படி அந்தம்மா அங்கே இருக்கணும். இந்தத் தாள்படி இருக்கவே கூடாது. நான் எந்தத் தாளைம்மா கேக்கறது?”

“மொதல்ல வந்ததை மொதல்ல கேளுங்க சார்” என்றாள் அவள். “இன்னைக்குப் புதன்கிழமைதானே? இன்னைக்கு இருக்காங்க, இருக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடலாம்.”

“ரைட்டரை அனுப்பினா…”

“இன்ஸ்பெக்டர் நேர்லன்னு போட்டிருக்கு சார்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “காலையில அந்த இடத்தைக் காலி பண்ண உனக்கு எவ்வளவு நேரம் ஆகுது?”

“பதினஞ்சு நிமிஷம் சார்.”

“முன்னாடி முக்கால் மணி ஆகும். தகராறுன்னு வாரத்துக்கு ரெண்டு போன் வரும் எனக்கு. மூணு மாசமா ஒண்ணும் இல்லை. என்ன பண்றே நீ?”

“‘ங்க’ போட்டுக் கூப்பிடறேன் சார்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பாலத்தடிக்கு அவர் எத்தனையோ முறை வந்ததுண்டு, ஜீப்பை விட்டு இறங்கியதில்லை. பதினான்காம் தூணைச் சுற்றி ஒரு கட்டில் அளவுக்குத் தரை பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. அந்த விளிம்பு வரை வந்தவர் அங்கேயே நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

“பரவாயில்லை, உள்ளே வாங்க” என்றார் அக்கா.

“இல்லை, இருக்கட்டும். இங்கேயே நிக்கறேன்.” அவர் படிவத்தைப் பிரித்தார். “எத்தனை வருஷமா குடியிருக்கீங்க?”

“ரெண்டு வருஷம் ஒரு மாசம்.”

“அறைகள் எத்தனை?”

அக்கா அண்ணாந்து பாலத்தைப் பார்த்தார். “ஒரே ஹால்தான் சார். கொஞ்சம் நீளம்.”

இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். “கதவு, சன்னல்?”

“தெறந்தே இருக்கும்.”

“அக்கம்பக்கத்தார் சாட்சி ஒண்ணு வேணும்.”

“நான் இருக்கேன் சார், பதினஞ்சாம் நம்பர்” என்று டிரைவர் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். “நல்ல குடும்பம் சார். சத்தம் போடமாட்டாங்க. கடன் வாங்கினா டீத்தூள் மட்டும்தான்.”

அதற்குமேல் இன்ஸ்பெக்டருக்கு அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜீப் ஓட்டி வந்தவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் டிரைவரை முதுகைத் திருப்பச் சொல்லி, அதன்மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டவர் உடனே கிளம்பவில்லை.

“வெள்ளிக்கிழமையிலிருந்து ராத்திரிகூட இங்கே யாரும் இருக்கக்கூடாதும்மா” என்றார் அக்காவிடம். குரல் தணிந்திருந்தது. “அது என் கையில இல்லை.”

“தெரியும் சார். எங்கே போறதுன்னுதான் தெரியலை.”

இன்ஸ்பெக்டர் அங்கே நின்றபடியே இரவுக் காப்பகத்துக்குப் போன் போட்டார். பாலத்தடியில் எட்டுப் பேர், அங்கே இரண்டு படுக்கைதான் காலி. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலைச் சாத்திவிடுவார்களாம், அதற்குப் பிறகு யாரையும் சேர்க்க மாட்டார்களாம். அக்கா தலையை ஆட்டினார். “எனக்கு ஷிப்டு ஏழு மணிக்குத்தான் முடியும். இருமலோட கெடக்கறாங்களே அந்தப் புருஷன் பொண்டாட்டி, அவங்களை அனுப்புங்க.”

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஸ்டேஷன் வேன் வந்தது. பாலத்தடி ஆட்களுக்கு அந்த வேனைப் பற்றி நல்ல நினைவு ஒன்றும் கிடையாது. பின்கதவு திறந்ததுமே இரண்டு பேர் ஓடத் தயாரானார்கள். “ஓடாதீங்க, ஓடாதீங்க! சாமான் ஏத்தத்தான் வந்திருக்கு” என்று காவலர் கத்தினாள். இருமல்காரத் தம்பதியைக் காப்பகத்தில் இறக்கிவிட்டு வந்த பிறகு, மற்றவர்களின் மூட்டை, வாளி, அடுப்பு எல்லாவற்றையும் அவளே தூக்கி ஏற்றினாள். டிரைவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வேன் ஓட்டியவருக்கு வழி நெடுக கியர் சொல்லிக்கொடுத்தார். பாலத்தின் மறுகோடியில், முப்பத்தோராம் தூணடியில் எல்லாவற்றையும் இறக்கினார்கள். அங்கே வெயில் கொஞ்சம் கூடுதலாக அடித்தது, ஆனால் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தது. பத்து மணிக்கு மேயர் நாடா வெட்டும் கைதட்டல் அங்கே வரைக்கும் கேட்டது.

மறுநாள் அட்டை ஸ்டேஷன் முகவரிக்குத் தபாலில் வந்தது. அதைக் கொடுக்க அவள் ஓட்டமாக ஓடினாள். அட்டையில் அக்காவின் பெயர் புள்ளியோடு இருந்தது. கீழே, ‘பாலம், தூண் எண் பதினான்கு.’

“அட்டை வர்றதுக்குள்ள வீடு மாறிட்டேனே!” என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காவலரின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, விபத்தில் அடிபட்ட ஒருவரிடம் வாக்குமூலம் வாங்க அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்தபோது மாலை மணி ஏழை நெருங்கியிருந்தது. விசாரித்துக்கொண்டு பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். நீல நிற மேலங்கி போட்டு, கழுத்தில் புது அட்டை தொங்க, அக்கா ஒரு நீண்ட மேசைமுன் நின்றிருந்தார். உலர்த்தியிலிருந்து சூடாக வரும் போர்வையை உதறி, முனையோடு முனை சேர்த்து, நாலே அசைவில் மடித்து அடுக்கினார். கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் அவர் சொன்ன எதற்கோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“போலீஸம்மா! வா, வா. எல்லாரும் பாத்துக்குங்க, இவங்கதான் என் பேருக்குப் புள்ளி வெச்சவங்க.”

அவளுக்கு ஒரு நாற்காலி வந்தது. டீ வந்தது. “எப்படியிருக்கு அக்கா வேலை?”

“கை மறக்கலை. ஒரு நாளைக்கு ஆறு வார்டுக்குப் போகுது. இன்னைக்கு மட்டும் நானூறு கட்டிலுக்கு மடிச்சிருக்கேன்.”

“வீடு ஏதாவது பாத்தீங்களா?”

“பாக்காம? மூணு இடம் பாத்தேன். மூணு இடத்துலயும் அட்டையைக் குடுங்கன்னாங்க. குடுத்தேன். படிச்சுட்டு, ‘தூணா?’ன்னாங்க.” அக்கா கடைசிப் போர்வையை மடித்து அடுக்கின்மேல் வைத்துத் தட்டினார். “ஆமாங்க, நல்ல உறுதியான தூணுன்னேன். இன்னும் ரெண்டு இடம் இருக்கு, ஞாயித்துக்கிழமை போறேன். நீயும் வாயேன், உடுப்பு இல்லாம.”

“வர்றேன் அக்கா.”

மணி அடித்தது. இரண்டு ஆட்கள் போர்வை அடுக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வார்டுகள் இருக்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா மேலங்கியைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தார். வாசல் ஓரத்தில் சோப்புத்தூள் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது.

“சூப்பர்வைசர் சார், இது வேணுமா?”

“குப்பைக்குத்தான் போகுது, எடுத்துக்குங்க.”

அக்கா பெட்டியின் அடியைப் பிரித்தார். தரையில் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, முனையோடு முனை சேர்த்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நல்ல கனமான அட்டைம்மா” என்றார், விரலால் சுண்டிப் பார்த்து. “கீழே இருந்து குளிர் ஏறாது.”

தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டிருந்தது. அக்கா கூட வேலை செய்தவர்களுக்குக் கையசைத்துவிட்டு, மறுபக்க வாசல் வழியாகப் பாலத்தைப் பார்த்து நடந்தார்.